பேனா பிடிப்பவரும் தொழிலாளியே

“பத்திரிகையாளர் சட்டம் போனால் நமக்கென்ன?” என்று நெய்வேலிச் சுரங்கத் தோழர்கள் கேட்கலாம். நஷ்டம் நமக்குத்தான்!

நிருபர் முதல் அச்சுக்கூடத் தொழிலாளி வரை சம்பளம் நிர்ணயிக்க வேஜ் போர்டு தந்தது 1955-ம் ஆண்டுச் சட்டம். 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டம் அதை ரத்துச் செய்துவிட்டது. புதிய தொகுப்புகளில் அந்தப் போர்டுக்கு இடமில்லை. மஜீதியா போர்டின் சிபாரிசை 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்த பிறகும், அந்தச் சம்பளத்துக்காகப் பலர் கோர்ட்டுப் படியேற நேர்ந்தது. போர்டும் போனால் கதி என்ன?

உண்மையை எழுதுவது நிருபரின் தர்மம். ஆனால் வேலைக்கு அஞ்சி நிற்பவர், நிலமிழந்த விவசாயியின் குரலையும் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கோரிக்கையையும் எப்படி அச்சேற்றுவார்? முதலாளி சொன்னதையே எழுதுவார்.

வேஜ் போர்டு மீண்டும் வேண்டும். இக்கோரிக்கைக்கு நம் சங்கங்கள் தோள் கொடுக்கட்டும்!