கொய்யா நட முதல்ல காணி வேணும்

"வீட்டுக்கொரு கொய்யா நடுங்க" என்று யாராவது சொன்னா எனக்கு எங்க அம்மாயி ஞாபகம்தான் வரும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் அவங்க வச்ச மரம் நான் ஓ.எல். எழுதுற வருஷம் வரைக்கும் காய்ச்சது. பிறகு ரோட்டை அகலமாக்கணும்னு நிர்வாகம் சொல்லிச்சு. ஒரே காலையில மரம் போயிட்டு. அம்மாயி சண்டை போடல. "அது நம்ம மண்ணா என்ன?" என்றாங்க.

ஆலோசனையில தப்பில்ல. 100 கிராம் கொய்யாவில 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு. தோடம்பழத்தில அதில கால்வாசிதான். சாப்பாட்டு இரும்புச்சத்து உடம்பில சேர அது உதவும். ரொட்டி தின்ன கையோட சாயத்தண்ணி குடிக்கிற நமக்கு இது முக்கியம், ஏன்னா தேத்தண்ணி அந்தச் சத்தைத் தடுக்கும். 2016ஆம் ஆண்டு சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில சுமார் 32 சதவீதம் பேருக்கு வயசுக்கேத்த உயரம் இல்ல. நாட்டுச் சராசரி 17.

2022 நெருக்கடியில, பயிர் செய்யச் சொல்லி அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு குடுத்தாங்க. கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு லீவும் இல்ல, காணியும் இல்ல. லயத்து முன்னால கீரை போடலாம். ஒரு மாசத்தில பறிச்சிடலாம். ஆனா கொய்யா பதியக் கன்னு ஒழுங்கா காய்க்க ரெண்டு மூணு வருஷம் போகும். அதுவரைக்கும் அந்த இடம் நம்மகிட்ட இருக்கும்னு நம்பிக்கை வேணும்.

தோட்டங்களில முன்ன கட்டின தனி வீடுகளுக்கு 7 பேர்ச் என்றாங்க. அது 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக, கவாத்து பண்ணி வளர்த்தா ரெண்டு கொய்யாவுக்குத் தாராளமா இடமிருக்கு. ஆனா வீடு கிடைச்சும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இருக்கு. லயத்திலேயே இருக்கிறவங்க அதைவிட அதிகம்.

அதனால பயிற்சிப் பட்டறை வைக்கிறவங்க, கன்னு பகிர்ந்து படம் எடுக்கிறவங்க எல்லாரும் காணி உறுதியையும் சேர்த்துக் கேளுங்க. நாங்களும் கேக்கணும். அம்மாயி இஸ்தோப்புல பழைய பெயின்ட் வாளியொன்றில ஒரு கன்னு வச்சிருக்காங்க. வேர் வாளியை நிரப்பிட்டு. எங்க நடுறதுன்னு போன லீவுலயும் என்கிட்ட கேட்டாங்க.