வாலை ஆட்டினால் ரொட்டி கிடைக்குமா?

வானொலியில் செல்லப்பிராணிகளைப் பற்றி எப்போது பேசினாலும், "எங்க ஜிம்மி நல்லா கொழு கொழுன்னு இருக்கான்" என்று பெருமையாகச் சொல்ல ஒரு நேயராவது அழைப்பார். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காலையில் நடக்கப் போகிறவர்கள் அந்த ஜிம்மிகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடும்.

வீட்டில் என்ன நடக்கிறது? பசியாறும்போது அப்பா ரொட்டி சானாயில் ஒரு துண்டைப் பிய்த்துப் போடுகிறார். மதியம் பாட்டி தயிர்ச்சோறு பிசைந்து வைக்கிறார். மாலையில் பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்கிறார்கள். இரவில் அம்மா நாய்த் தீனியைக் கிண்ணம் நிறைய வைக்கிறார். கேட்டால், "நான் கொஞ்சம்தானே போட்டேன்" என்பார்கள். நாலு கொஞ்சம் சேர்ந்தால் நிறைய!

ஒரு கணக்குப் பாருங்கள். 15 கிலோ இருக்க வேண்டிய நாய் 20 கிலோ ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எடை குறைய அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 530 கலோரி போதும். ஒரு முழு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது. நாம் ஒரே வேளையில் மூன்று நான்கு ரொட்டி சாப்பிடுவதற்கு அது சமம்.

அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை 14 ஆண்டுகள் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டு வலியும் ஒல்லியான நாய்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது. பாசத்தோடு போடும் அந்தத் துண்டு ரொட்டி, நம்மோடு அது வாழும் காலத்தைத்தான் தின்கிறது.

உங்கள் நாய் குண்டா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விலா எலும்பைத் தடவுங்கள். விரல்களை நீட்டி வைத்துப் புறங்கையைத் தடவுவது போல எலும்பு தட்டுப்பட்டால் நல்லது. உள்ளங்கையைப் போல மெத்தென்று இருந்தால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பும் தெரிய வேண்டும்.

அடுத்து கால்நடை மருத்துவரிடம் போங்கள். தைராய்டு சுரப்புக் குறைவாலும் நாய் பருக்கும். கருத்தடை செய்த நாய்க்குத் தேவைப்படும் உணவும் குறைவு. வழக்கமான தீனியை நாமாகப் பாதியாக்கினால் சத்துக்குறைவு வரலாம். எடை குறைப்பதற்கென்றே உள்ள தீனியைப் பற்றிக் கேளுங்கள். வாரத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு எடை குறைந்தால் போதும். 20 கிலோ நாய்க்கு அது 200 முதல் 400 கிராம். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

அன்றைய தீனியைக் காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். தின்பண்டம் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. வெள்ளரி, கேரட், உப்பும் எண்ணெயும் இல்லாமல் அவித்த பீன்ஸ் நல்லது. வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்புச் சோறு, கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை இரண்டும் நாய்க்கு நஞ்சு.

நம் ஊர் வெயிலில் பருத்த நாய் சீக்கிரம் சுருண்டுவிடும். தார்ச்சாலை சுடுவதற்கு முன், விடிகாலையில் பத்து நிமிடத்தில் நடையைத் தொடங்குங்கள்.

கடினமான வேலை பாட்டியைச் சமாளிப்பதுதான். "பாவம்மா, வாயில்லா ஜீவன்" என்பார். அவரிடம் சண்டை வேண்டாம். அந்த டப்பாவையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். "பாட்டி, இன்னிக்கு ஜிம்மியோட சாப்பாடு உங்க பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் அப்பாவின் ரொட்டித் துண்டைப் பாட்டியே தடுத்துவிடுவார்.