அலுவலகச் சர்வருக்கு நேர்வழி வேண்டும்
திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி அலுவலக ஊழியர்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஏற்றுமதி நிறுவனங்களின் உரிமையாளர்கள், பங்குதாரர்கள், நிர்வாக மேலாளர்கள், அந்நிறுவனங்களுக்குக் கணினி, நெட்வொர்க் வசதி செய்து தரும் சேவையாளர்கள்.

முன்னுரை

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஃபேக்டரிக்குள் நடக்கும் வேலையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஃபைல்களில் நடக்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. பையர் அனுப்பும் டெக்பேக், மெஷர்மென்ட் சார்ட், பிரிண்ட் ஆர்ட்வொர்க், காஸ்டிங் ஷீட், பேட்டர்ன், பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாமே அலுவலகத்தின் ஒரு மூலையில் ஓடும் சர்வருக்குள் இருக்கின்றன. அவற்றை நம்பி வேலை செய்யும் மெர்ச்சண்டைசர்கள், கேட் (CAD) ஆபரேட்டர்கள், டாக்குமென்டேஷன் ஊழியர்கள், கணக்கர்கள் நாங்கள்.

எங்கள் வேலை அலுவலகத்தோடு முடிவதில்லை. காலையில் பிரிண்டிங் யூனிட்டில் நிற்போம். மதியம் பெருந்துறையில் சாயம் பார்ப்போம். சரக்கு தூத்துக்குடிக்குப் போன பிறகும் டாக்குமென்ட் திருத்தம் வரும். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30 அல்லது 7.30. பையர் வேலையைத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

அப்போது என்ன நடக்கிறது? "அண்ணா, இன்னும் ஆபீஸ்லதான் இருக்கீங்களா? அந்த ஆர்ட்வொர்க்கைக் கொஞ்சம் வாட்ஸ்அப்ல போட்டு உடுங்க" என்று யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவர் ஃபோல்டரைத் திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ ஓகே' என்று மூன்று கிடக்கும். அவசரத்தில் ஒன்றைத் தேர்ந்து, ஸ்கிரீனை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். அது பழைய ஆர்ட்வொர்க் என்பது ஸ்கிரீன் போட்டு, பீஸ் அடித்து, பையர் ரிஜெக்ட் செய்த பிறகுதான் தெரியும். விசாரணையில் நிற்பது மெர்ச்சண்டைசர் மட்டும்.

பென் டிரைவில் காஸ்டிங் ஷீட்டை எடுத்துப் போவது, சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்வது, இரவு முழுக்க ஆபீஸ் சிஸ்டத்தை அணைக்காமல் எனிடெஸ்க்கின் இலவசப் பதிப்பில் உள்ளே வருவது என்று குறுக்குவழிகள் இன்னும் உண்டு. அந்த இலவசப் பதிப்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. அலுவலக வேலைக்கு அதைப் பயன்படுத்துவது விதிமீறல்.

நேர்வழி இல்லாத இடத்தில்தான் குறுக்குவழி உண்டாகிறது. வழி போட்டுத் தராத நிர்வாகம், குறுக்கே போனதற்காக ஊழியரைத் தண்டிப்பது நியாயமில்லை. இந்தச் சாசனத்தின் அடிப்படை இதுவே.

கோரிக்கைகள்

1. வழியை அமைப்பது நிறுவனத்தின் பொறுப்பு

வெளியிலிருந்து சர்வர் ஃபைலை எடுக்க வேண்டிய வேலை யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அவர்கள் பட்டியலை நிர்வாகம் எழுத்தில் தயாரிக்க வேண்டும். பட்டியலில் உள்ளவர்களுக்கு நிறுவன லேப்டாப் தர வேண்டும். குழந்தைகள் கேம் விளையாடும் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கம்பெனி சர்வருக்குள் வரச் சொல்வது எங்களுக்கும் ஆபத்து, நிறுவனத்துக்கும் ஆபத்து.

2. சர்வரை இணையத்தில் நேரடியாகத் திறந்துவிடக் கூடாது

"ரவுட்டரில் ஒரு போர்ட்டை ஓபன் பண்ணிவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை" என்று சொல்லும் சேவையாளர்கள் இருக்கிறார்கள். இதை ஏற்க மாட்டோம். விண்டோஸ் ஃபைல் பகிர்வு நடப்பது 445-ஆம் போர்ட்டில். ரிமோட் டெஸ்க்டாப் 3389-இல். இவ்விரண்டையும் தேடி உலகம் முழுக்க நிரல்கள் இரவு பகலாக வலம் வருகின்றன. 2017 மே 12 அன்று வெடித்த வான்னாகிரை என்ற ரான்சம்வேர், ஃபைல் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவி, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சர்வருக்குப் பதில் சிறிய நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டி வைத்திருக்கும் அலுவலகங்களும் தப்பவில்லை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற தாக்குதல், இணையத்துக்குத் திறந்திருந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டது.

எனவே, முதலில் விபிஎன் என்ற மறையாக்கப்பட்ட தனிவழி. அதற்குள்தான் ஃபைல் பகிர்வும் ரிமோட் டெஸ்க்டாப்பும். வயர்கார்டு, ஓபன்விபிஎன் ஆகிய விபிஎன் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். வயர்கார்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. லைசென்ஸ் செலவைக் காரணம் காட்ட இனி இடமில்லை.

ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு ஆர்ட்வொர்க் அனுப்பப் பழைய எஃப்டிபி வைத்திருக்கும் நிறுவனங்கள் அதை நிறுத்த வேண்டும். ஐஐடி கான்பூரில் படித்த அபய் பூஷண் 1971-இல் அதன் முதல் வரைவை எழுதியபோது, இணைப்பில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைவின்றி அப்படியே பயணிக்கிறது. அந்த இடத்தில் எஸ்எஃப்டிபி வர வேண்டும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் ஃபோல்டர் மட்டும் தெரிய வேண்டும்.

3. ஒப்படைக்கும் முன் வீட்டிலிருந்து சோதித்துக் காட்ட வேண்டும்

அலுவலகத்தில் உட்கார்ந்து "கனெக்ட் ஆகிவிட்டது" என்று காட்டிவிட்டுப் போவது அமைப்பு ஆகாது. நாங்கள் அடிக்கடி படும் பாடு இது: வீட்டில் விபிஎன் இணைந்துவிடும், பச்சை விளக்கும் எரியும், ஃபோல்டர் மட்டும் திறக்காது. அலுவலகச் சர்வரின் முகவரி 192.168.1.10, வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையில்தான் முகவரி தருகிறது. லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அலுவலக நெட்வொர்க்கை வேறு வரிசைக்கு மாற்றினால் தீரும் சிக்கல் இது. பிரிண்டர், பயோமெட்ரிக், சிசிடிவி எல்லாவற்றின் முகவரியையும் மாற்ற வேண்டும் என்பதால் சேவையாளர் தள்ளிப்போடுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி அதைச் செய்து முடிக்கக் கோருகிறோம்.

இன்னொன்று, பொது ஐபி முகவரி. பல பிராட்பேண்ட் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. அப்படிப்பட்ட இணைப்பில் வெளியிலிருந்து அலுவலக ரவுட்டரை எட்டவே முடியாது. ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நிலைமை இதுதான் என்று அறியலாம். கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும். அல்லது வெளியே சிறிய வாடகைச் சர்வர் எடுத்து அதன் வழியாக இணைக்க வேண்டும். சர்வர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மூன்றில் எதற்குக் கரண்ட் போனாலும் வெளியில் இருப்பவருக்குச் சர்வர் இல்லை.

4. ஃபைலுக்கு ஏற்ற வழி வேண்டும்

எல்லாவற்றுக்கும் ஒரே வழி பொருந்தாது. எக்செல், பிடிஎஃப் போன்றவற்றை விபிஎன் வழியாக ஃபோல்டரில் நேரடியாகத் திறக்கலாம். டேலியை அப்படித் திறந்தால் ஒரு லெட்ஜர் வருவதற்குள் டீ ஆறிவிடும். டேலி தன் டேட்டா ஃபைலை ஓயாமல் எழுதவும் படிக்கவும் செய்கிறது. ஒவ்வொரு முறையும் இணையத்தைக் கடந்து போய்வர வேண்டும். இடையில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெடவும் கூடும். அதனால் டேலிக்கும் பேட்டர்ன் மென்பொருளுக்கும் விபிஎன்னுக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வேண்டும். நிரல் அலுவலகத்திலேயே ஓடும். திரை மட்டும் எங்களிடம் வரும்.

ஒரே ஷீட்டை இருவர் திருத்தும்போது இரண்டாமவருக்கு 'படிக்க மட்டும்' என்று காட்டும் பூட்டு வேலை செய்ய வேண்டும். பழைய பதிப்புகளைச் சர்வரே தேதிவாரியாக வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் 'ஃபைனல் நியூ ஓகே' ஒழியும்.

5. ஆளுக்கொரு கணக்கு, வேலையை விட்ட அன்றே அது மூடப்பட வேண்டும்

கம்பெனி பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டை அலுவலகம் முழுவதும் பகிரும் வழக்கம் நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், பாஸ்வேர்டுக்கு மேல் செல்போன் வழியாக இரண்டாவது சரிபார்ப்பும் கோருகிறோம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அன்று மாலைக்குள் மூடப்பட வேண்டும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கிய தாக்குதல்காரர்கள் உள்ளே நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. எரிபொருள் குழாய் பல நாள் நின்றது. நிறுவனம் 75 பிட்காயின் கட்டியது.

ஃபோல்டர் அனுமதி வேலைப்படி பிரிய வேண்டும். காஸ்டிங் ஷீட் எல்லோருக்கும் தெரியத் தேவையில்லை. அதைவிட முக்கியம், தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ விவரங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

சேவையாளரின் கணக்குக்கும் இதே விதிதான். சர்வர், ரவுட்டர் பாஸ்வேர்டுகள் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். சேவையாளர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும்படி நிரந்தர வழி இருக்கக் கூடாது.

6. சர்வரோடு ஒட்டாத பேக்கப்

வெளியிலிருந்து வழி திறந்தால், ஒரு லேப்டாப்பில் ஏறிய வைரஸ் சர்வர் ஃபோல்டருக்கும் பாயும். சர்வரிலேயே செருகிய ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது இத்துறையின் பழைய விதி. அதைக் கடைப்பிடிக்கக் கோருகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஓர் ஆர்டர் ஃபோல்டரை எங்கள் முன்னால் மீட்டுக் காட்ட வேண்டும்.

7. பதிவேடு வேண்டும், வேவு வேண்டாம்

யார், எப்போது, எந்த ஃபைலைத் திறந்தார், மாற்றினார், அழித்தார் என்ற பதிவு வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவும் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. யார் அந்தத் தகவலை அனுப்புவது என்று இன்றே பெயர் குறித்து வைக்க வேண்டும். தவறு நடந்தால் பழி சரியான இடத்தில் விழப் பதிவேடு எங்களுக்கும் உதவும். ஆனால் அதன் பெயரால் வீட்டில் கேமராவை ஓடவிடுவது, நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, சொந்தச் செல்போனை மேய்வது ஆகியவற்றை ஏற்க மாட்டோம்.

8. வழி இருப்பதால் வேலைநேரம் நீளக் கூடாது

வீட்டிலிருந்து சர்வர் திறக்கும் என்பதற்காக இரவு 11 மணிக்கு இன்வாய்ஸ் கேட்கக் கூடாது. பையரின் நேரத்துக்காக இரவில் வேலை செய்தால் அதற்கு ஓவர்டைம் அல்லது மாற்று ஓய்வு தர வேண்டும். எந்த நேரத்துக்குப் பிறகு பதில் எதிர்பார்க்கப்படாது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிரான்சில் இந்த உரிமை 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒரு சுற்றறிக்கை.

எங்கள் உறுதிமொழி

நேர்வழி கிடைத்த நாளிலிருந்து நிறுவன ஃபைல்களைப் பென் டிரைவிலோ சொந்த மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ கொண்டுபோக மாட்டோம். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் உடன் வேலை செய்பவருக்கும் சொல்ல மாட்டோம். லேப்டாப் தொலைந்தாலோ, சந்தேகமான மெயிலைத் திறந்துவிட்டாலோ உடனே தெரிவிப்போம். உடனே தெரிவித்தவருக்குத் தண்டனை இல்லை என்று நிர்வாகமும் உறுதி தர வேண்டும். பயந்து மறைப்பதால்தான் சேதம் பெருகுகிறது.

செலவைப் பற்றி

ஸ்டாட்டிக் ஐபி, நல்ல ரவுட்டர், பேக்கப் டிஸ்க், சேவையாளரின் சில நாள் கூலி, தேவைப்படுவோருக்கு லேப்டாப்: இவ்வளவுதான் செலவு. தவறான ஆர்ட்வொர்க்கால் ஆர்டர் தாமதமாகி, கப்பலில் போக வேண்டிய சரக்கை நிறுவனச் செலவில் விமானத்தில் ஏற்றிய அனுபவம் உள்ள முதலாளிகளுக்கு இந்தக் கணக்கை நாங்கள் போட்டுக் காட்டத் தேவையில்லை.

கால வரம்பு

30 நாளுக்குள்: இணையத்துக்குத் திறந்திருக்கும் போர்ட்டுகள், வேலையை விட்டவர்களின் கணக்குகள் மூடப்பட வேண்டும், பொதுப் பாஸ்வேர்டுகள் மாற்றப்பட வேண்டும்.

90 நாளுக்குள்: விபிஎன், தனிக் கணக்கு, இரண்டாவது சரிபார்ப்பு, வெளிப் பேக்கப் ஆகியவை நடைமுறைக்கு வர வேண்டும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் வீட்டு இணைப்பிலும் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

180 நாளுக்குள்: பேக்கப் மீட்பு ஒத்திகை, பதிவேட்டுப் பராமரிப்பு, வேலைநேரச் சுற்றறிக்கை மூன்றும் முடிய வேண்டும்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, குறுக்குவழியில் ஃபைல் அனுப்பியதற்காக எந்த ஊழியருக்கும் மெமோவோ சம்பளப் பிடித்தமோ கூடாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே ஏற்கிறோமா, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று குறித்து, நிர்வாகம் 15 நாளுக்குள் கையெழுத்திட்ட பதிலைத் தர வேண்டும். வாய்மொழி உறுதியைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.