பதிவேட்டுக்கு வெளியே துவக்குகள்

வன்னியில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து ஒரு கமக்காரர் துவக்கு கேட்டால், பொலிஸ், மாவட்டச் செயலகம் என்று அலைய வேண்டும். கிடைத்தாலும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அவருக்குக் கடுமையானதுதான். 1996இல் தண்டனைகளும் கூட்டப்பட்டன.

ஆனால் யாழ்ப்பாணத்தை உலுக்கிய சூடுகள் எந்தத் துவக்கிலிருந்து வந்தன? 2016 ஒக்ரோபர் 20 இரவு குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் பலியானது பொலிஸாரின் நடவடிக்கையில். முதலில் விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனை சூட்டுக்காயத்தைக் காட்டியது. 2017 யூலை 22 நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்டைக் கொன்றது, அவரது இடுப்பிலிருந்தே பறிக்கப்பட்ட கைத்துப்பாக்கி. சிலாபத்திலிருந்து வந்த அந்தச் சார்ஜன்டின் மனைவி காலில் விழுந்து நீதிபதி அழுத காட்சியை இந்த ஊர் மறக்கவில்லை.

இரண்டுமே அரசின் ஆயுதங்கள். நமது வாள்வெட்டுக் குழுக்களுக்கு இன்னும் துவக்கு எட்டவில்லை என்று ஆறுதல்படவும் முடியாது. ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 ரி-56 துப்பாக்கிகள் பாதாள உலகக் கைகளுக்குப் போனதாகவும், 38 மட்டுமே மீட்கப்பட்டதாகவும் 2025 பெப்ரவரியில் ஜனாதிபதியே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

தனியாரின் துவக்குகளை மீளாய்வுக்குக் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு அமைச்சு, தன் களஞ்சியங்களையும் எண்ணட்டும். முகாம், பொலிஸ் நிலையம் வாரியாக இருப்பும் இழப்பும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். காணாமற்போன ஒவ்வொன்றுக்கும் பொறுப்பதிகாரி பதில் சொல்ல வேண்டும்.