காலி ஃபோல்டரில் தொடங்குவோம்

ஃப்ரண்ட்-எண்ட் வகுப்பு எடுக்கும் நம்மில் பலரும் ஒரு வேலையைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடித்து வைத்துவிடுகிறோம். ஒவ்வொரு கணினியிலும் நோட், வி.எஸ். கோட், கிட் எல்லாம் ஏற்றி, ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் தயாராகப் போட்டுவிடுகிறோம். வகுப்பு தொடங்கிய அரை மணியில் திரையில் ஏதோ ஒன்று வந்துவிடும். அவர்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து நேர்காணலில் "புதுசா ஒரு ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுக் காட்டும்மா" என்று கேட்டால் அந்தப் பெண்ணின் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிடுகிறது. அந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் நடத்தவில்லை.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரப் பயிற்சியாளர்களுக்கு எங்கள் யோசனை இது. முதல் இரண்டு வாரத்துக்கு ரெடிமேட் ஃபோல்டர் வேண்டாம், ஃப்ரேம்வொர்க்கும் வேண்டாம். காலி ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் செய்யப்போவது உங்கள் ஊருக்கு உதவும் ஒரு தளமாக இருக்கட்டும். நாடு முழுக்க வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் 'டு-டூ லிஸ்ட்'டும் கற்பனை காபி கடையும் எத்தனை பேட்ச்தான் தாங்கும்?

பெரியபாளையத்தில் இதற்குப் பொருள் தேட வேண்டியதே இல்லை. ஆரணி ஆற்றங்கரை பவானி அம்மன் கோயிலுக்கு ஆடி பிறந்தால் வாரக்கணக்கில் கூட்டம். வேப்பஞ்சேலை கட்டுவோர், முடி காணிக்கை கொடுப்போர், பொங்கல் வைப்போர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சாலை கொள்ளாது. எங்கே வண்டி நிறுத்துவது, குளிக்க எங்கே போவது, செங்குன்றம் பக்கமும் ஊத்துக்கோட்டை பக்கமும் கடைசி பஸ் எப்போது என்பதுதான் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள். இவற்றுக்குப் பதில் சொல்லும் நாலு பக்கத் தளம் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்: இது கோயிலின் அதிகாரபூர்வத் தளம் அல்ல என்று முகப்பிலேயே எழுதுங்கள், காசு வாங்கும் பட்டன் எந்தப் பக்கத்திலும் கூடாது. நன்கொடை, பூஜைக் கட்டணமெல்லாம் அறநிலையத் துறையின் தளத்தோடு நிற்கட்டும்.

இப்படி ஒன்றைத் தொடங்கும்போது பாடம் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. வி.எஸ். கோடில் ஆச்சரியக்குறி போட்டு டேப் தட்டினால் ஹெச்டிஎம்எல் சட்டகம் தானாக விழும். அதில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றிருக்கும். நாம் எழுதப்போவதோ தமிழ். பார்வையற்றவர் என்விடிஏ போன்ற திரை வாசிப்பானில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், அது தமிழ் வரிகளிலும் ஆங்கிலக் குரலுக்கு மாறித் தடுமாறும். இரண்டெழுத்துக் குறியீட்டை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அந்த வரியைப் படித்துப் பார்த்தவர்தான் மாற்றுவார். டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை அந்த இடத்தில் வகுப்பில் சொல்லலாம். தனியாக 'அக்ஸஸிபிலிட்டி' என்று கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதைவிட அது மனதில் நிற்கும்.

அதற்குச் சற்றுக் கீழே யூடிஎஃப்-8 அறிவிப்பு. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட். அந்த அறிவிப்பு இல்லாமல் பிரவுசர் வேறு குறிமுறையாக ஊகித்துவிட்டால் ஒரு குறிக்கு மூன்று கிறுக்கல் என்று திரை நிறைந்துவிடும். வேண்டுமென்றே வரியைத் தப்பாக மாற்றிக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

பிறகு பஸ் நேர அட்டவணை. ஆங்கில டெம்ப்ளேட்டில் 'ஹோம்' என்ற சொல்லுக்கு அளந்து வெட்டிய பட்டனில் 'தொடர்புக்கு' அடங்காது. 'ஊத்துக்கோட்டை' என்ற ஊர்ப்பெயர் போன் திரையில் அகலத்தைக் கட்டிவைத்த குறுகிய கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் ஏறி உட்காரும். வரி உயரத்தைக் குறைத்து, வழியும் பகுதியை மறைக்கச் சொல்லியிருந்தால் 'கூ'வின் கீழ்ச்சுழி வெட்டுப்படும். சிஎஸ்எஸ் பாடத்தில் அகலம், மடிப்பு, வரி உயரம் என்று நாம் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் இந்த ஒரு அட்டவணைக்குள் வந்துவிடுகின்றன.

தளத்தை கிட்ஹப் பேஜஸில் ஏற்றும் நாளில் எந்த வகுப்பிலும் கேட்கும் குரல் ஒன்று உண்டு: "சார், என் மிஷின்ல படம் வருது சார், ஆன்லைன்ல வரல." படத்தின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும், நிரலில் சிறிய எழுத்தில் இருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். அங்கே உள்ள சர்வர் எடுத்துக்கொள்ளாது. உடனே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு பெயரையும் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் போதும்; பாதியில் அவரே நிறுத்திவிடுவார்.

ரியாக்ட் இல்லாமல் வேலை கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும்; எங்கள் சண்டை எது முதலில், எது பிறகு என்ற வரிசையைப் பற்றி மட்டுமே. 2016இல் வந்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் அமைத்துத் தந்ததால் நம் பாடக்குறிப்புகளில் குடியேறிவிட்டது. ஒரு கட்டளை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பொதிகள். அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் காப்பி போட்டவருக்குத் தெரியும், சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். 2025 பிப்ரவரி 14 அன்று ரியாக்ட் குழுவே அதைக் கைவிட்டதாக அறிவித்தது. அந்தக் கட்டளையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அன்றோடு தொடக்கமே தெரியாமல் போயிற்று. காலி ஃபோல்டரிலிருந்து வந்தவர் வீட் கருவிக்கு ஒரு மதியத்தில் மாறிக்கொள்வார்.

மூன்றாம் வாரம் என்பிஎம் வரட்டும். வரும்போதே லாக் ஃபைல் எதற்கு, நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை ஏன் கிட்டில் சேர்ப்பதில்லை என்பதும் சேர்ந்து வரட்டும். 2025 செப்டம்பரில் ஒரு பராமரிப்பாளரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி, சாக், டீபக் போன்ற பொதிகளில் நச்சு நிரலைப் புகுத்தினார்கள். உலகம் முழுக்கப் பயன்படும் பொதிகள் அவை. எதை இறக்குகிறோம் என்று பார்க்கும் பழக்கம் பத்தாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளைக்கும் வேண்டும்.

ஐடிஐக்களில் ஓராண்டுக் கோபா பிரிவு நடத்துவோர் உடனே கேட்பார்கள்: பாடத்திட்டம் என்னாவது? கிண்டி நிமி நிறுவனத்தின் பயிற்சி நூலில் பட்டியல், அட்டவணை, படிவம், ஜாவாஸ்கிரிப்ட் என்று பயிற்சிகள் தனித்தனியாக இருக்கின்றன. தேர்வுக்கு அவை தேவை. அவற்றையே இந்தத் தளத்தின் பக்கங்களாகச் செய்யவைத்தால் ஒன்றும் விட்டுப்போகாது: அட்டவணைப் பயிற்சிக்கு பஸ் நேரம், படிவப் பயிற்சிக்குத் தொலைந்த பொருள் தகவல். ஆகஸ்டில் சேரும் பேட்ச் அடுத்த ஆடியில் முடிவதால், கடைசி மாதத்தில் தளத்தைப் பயன்படுத்த நிஜமான ஆட்களும் வருவார்கள்.

கணக்கு யார் பெயரில் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பயிற்சி நிலையத்தின் பெயரில் கிட்ஹப் கணக்கு இருக்க வேண்டும். மாணவர்கள் அதில் பங்களிப்பவர்கள். இல்லையென்றால் நன்றாகச் செய்த பெண்ணுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ சென்னையிலோ வேலை கிடைத்துப் போகும் அன்று தளமும் கூடவே போய்விடும். ரீட்மீ தமிழில் இருக்கட்டும். மூன்றாம் வாரக் கடைசியில் இருவர் இருவராக இடம் மாற்றி உட்காரவைத்து, மற்றவரின் ப்ராஜெக்ட்டை ரீட்மீயை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது, பயிற்சியாளரும்தான். எங்கே நிற்கிறார்களோ அந்த வரியை அன்றைக்கே திருத்தி ஏற்ற வேண்டும். அடுத்த பேட்ச், இரண்டு வாரக் காலி ஃபோல்டர் பாடம் முடிந்ததும், இதே தளத்தைத்தான் குளோன் செய்யப்போகிறது. அவர்களின் மூன்றாம் வாரம் முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலுக்குள் இருக்கும். வேலைக்குப் போகும் பெரும்பாலோரின் முதல் வாரமும் அப்படித்தான்.