ஒரு வீட்டுக்கு இரண்டு ரவுட்டர் ஆகாதா?

மாடியில் வைஃபை எடுக்கவில்லை என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "ரிப்பீட்டர் ஒன்று வாங்கி மாடிப்படி பக்கத்து ப்ளக்கில் செருகிவிடுங்கள். கையில் காசிருந்தால் மெஷ் போடுங்கள். பழைய ரவுட்டரை எடுத்து ஒயர் இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு இருக்கிற நெட்டும் போய்விடும்." கடைக்காரர் சொல்கிறார், இணைப்புக் கொடுக்க வருகிற தம்பி சொல்கிறார், ஐடி வேலை பார்க்கிற மருமகனும் அதையே சொல்கிறார். நம் ஊர்க் கான்கிரீட் வீடுகளைப் பொறுத்தவரை இந்த யோசனை பெரும்பாலும் தலைகீழ்.

முதலில் அந்த முட்டல் மோதல் பயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ரவுட்டர் பார்க்கிற வேலைகளில் ஒன்று, வந்து சேரும் ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஐபி முகவரி கொடுப்பது. ‘உன் முகவரி 192.168.1.7, வெளியே போக வேண்டுமானால் 192.168.1.1 வழியாகப் போ’ என்று அது சொல்லிவிடும். இந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். இன்னொரு ரவுட்டரை எதையும் மாற்றாமல் லேன் போர்ட்டில் செருகினால் அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும், வெளியே போகிற வழி நான்தான் என்றும் சொல்லும். அதற்கோ வெளியே வழி கிடையாது. அதனிடம் முகவரி வாங்கிய போனில் வைஃபை கோடு முழுதாக நிற்கும், நெட் இருக்காது. இரண்டு ரவுட்டரின் சொந்த முகவரியும் 192.168.1.1 என்றே இருந்துவிட்டால் கீழ்வீடும் சேர்ந்து தடுமாறும். ஒரு தடவை இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான் ‘ரெண்டு ரவுட்டர் ஆகாது’ என்று பரப்பி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். மாடிக்குப் போகப்போகிற ரவுட்டரை மட்டும் தனியாக ஒரு லேப்டாப்போடு இணைத்து, அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் திறக்க வேண்டும். உள்ளே போய் அதன் சொந்த ஐபி முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழே இருப்பது 192.168.1.1 என்றால், அது மற்ற சாதனங்களுக்குக் கொடுக்கிற வரிசைக்குள் இந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்). டிஎச்சிபியை அணைத்து, சேமியுங்கள். பிறகு கீழ் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வருகிற கேபிளை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். நிறம் மாறித் தனியாக நிற்கிற ‘வேன்’ போர்ட் காலியாகவே கிடக்கட்டும். இப்போது முகவரி கொடுப்பது கீழே இருப்பது மட்டும். மாடியில் இருப்பது வைஃபை வீசுகிற வெறும் பெட்டி. பல ரவுட்டர்களில் ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் இத்தனையும் தானாக நடந்துவிடும்.

கேபிளை வேன் போர்ட்டில் செருகி, டிஎச்சிபியையும் அப்படியே விட்டவர்கள் உண்டு. நெட் வரலாம், ஆளும் திருப்தியாகிவிடுவார். ஆனால் மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது. மாடியிலிருந்து கீழே இருக்கிற பிரின்டரைத் தேடினால் கண்ணில் படாது, போனில் ஓடுகிற படத்தை ஹால் டிவிக்கு அனுப்ப முடியாது. அப்போது பழி இரண்டாவது ரவுட்டர் மேல் விழும்.

அடுத்தது, ‘இரண்டு சிக்னலும் ஒன்றையொன்று கெடுக்கும்’ என்கிற வாதம். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் மூன்று: 1, 6, 11. கீழே 1 வைத்தால் மாடியில் 6 அல்லது 11 வைக்கலாம். ஒயர் வழியாக இணைத்த ரவுட்டருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ரிப்பீட்டருக்குத்தான் கிடையாது. கீழே எந்தச் சேனலோ அதே சேனலில் கேட்டு, அதே சேனலில் திருப்பிச் சொல்ல வேண்டிய பிறவி அது. ஒரே ரேடியோவில் கேட்பதும் பேசுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒவ்வொரு தகவலும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் பாதியாகும். ஆக, கெடுக்கிற புகாரை ரிப்பீட்டரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டு அலைவரிசை உள்ள ரிப்பீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4-ல் கொடுத்துச் சமாளிக்கும் என்பார்கள். சமாளிக்கும், நடுவில் தளம் இல்லாவிட்டால். நம் வீட்டு மேல்தளம் ஐந்தாறு அங்குலக் கான்கிரீட், உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. 2.4 சிக்னலே அதில் மூச்சு வாங்கும். 5 அதைவிட நோஞ்சான். இதில் இன்னொரு வேடிக்கை, ரிப்பீட்டரை ஆட்கள் வைக்கிற இடம். சிக்னல் வராத படுக்கையறையிலேயே கொண்டுபோய்ச் செருகுவார்கள். போனில் கோடு முழுதாகத் தெரியும். ஆனால் அந்தக் கோடு காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள நெருக்கத்தை. ரிப்பீட்டருக்கே ஒழுங்காக வந்து சேராததை அது எங்கிருந்து கொடுக்கும்? மாடித் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் குழாய் போடுகிறோம். கீழே நின்று பீய்ச்சி அடிப்பதில்லை.

‘எட்டு ஆன்டெனா வைத்த ரவுட்டர் வாங்கு’ என்பதை அதிகம் பேச வேண்டியதில்லை. வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், போன் தன் சின்ன ஆன்டெனாவால் பதில் சொல்லி அது கீழே கேட்டாக வேண்டும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குவதும் அப்படித்தான்: ஹாலில் வேகம் கூடும், தளத்தின் கனம் குறையாது.

மெஷ் விஷயத்தில் கொஞ்சம் நியாயமாக இருக்க வேண்டும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுகிற அந்த செட் மோசமான பொருள் இல்லை. ஆனால் மாடியில் வைக்கிற மெஷ் பெட்டியும் கீழ்ப் பெட்டியோடு பேசியாக வேண்டும், அதே தளத்தைத் துளைத்துத்தான். இது தயாரிப்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பல மெஷ் பெட்டிகளின் முதுகில் லேன் போர்ட் வைத்து, முடிந்தால் ஒயரால் இணையுங்கள் என்று கையேட்டில் எழுதுகிறார்கள். ஒயர் இழுத்துவிட்டால், விலை கூடிய மெஷ் செய்வதில் பெரும்பகுதியை அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற பழைய ரவுட்டரே செய்துவிடும். மிச்சம் ஒன்று இருக்கிறது. நடந்துகொண்டே பேசும்போது இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போனைத் தள்ளிவிடுவதில் மெஷ் கெட்டிக்காரத்தனம் காட்டும். எதைப் பிடிப்பது என்று கடைசியில் முடிவு செய்வது போன்தான் என்றாலும், மெஷ் அதற்கு நல்ல ஜாடை காட்டும். இரண்டு சாதாரண ரவுட்டரில், வைஃபை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு முறை மூன்றையும் ஒன்றாக வைத்தால் போன் தானாக மாறும். ஆனால் சில போன்கள் மாடிக்கு வந்த பிறகும் கீழ் சிக்னலின் வாலையே பிடித்துக்கொண்டிருக்கும். கீழ் ரவுட்டரின் சக்தியை ஒரு படி குறைத்து வைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். படி ஏறும்போது வாட்ஸ்அப் அழைப்பு ஒரு நொடி திக்கினால் தாங்கவே முடியாது என்பவர்கள் மெஷ் வாங்கட்டும்.

‘வீட்டை உடைக்க வேண்டும்’ என்பதுதான் ஆட்களை உண்மையில் பின்வாங்க வைப்பது. இங்கே நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு. கேபிள் டிவிக்காக மொட்டைமாடியிலிருந்து ஹால் வரை சுவருக்குள் போட்ட பைப் பல வீடுகளில் இருக்கிறது. அந்தக் கறுப்பு ஒயர் இப்போது பயன்படவில்லை என்றால், அதன் ஒரு நுனியில் லேன் கேபிளை டேப் சுற்றிக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தால் பழையது வெளியே வர, புதியது உள்ளே போய்விடும். பைப் இல்லையா, சுவரோரமாகக் கேசிங் பட்டை. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். வீட்டுக்குள் நமக்கு வேண்டியது அதில் சிறு பங்குதான். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுச் சரக்கை வாங்காமல், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கரன்ட் ஒயர் போகிற பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீர்கள். வெயில் படுகிற இடத்தில் வெளிப்புறத்துக்கென்று வருகிற கேபிள் வேண்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு மொட்டைமாடி வழியாகச் செம்புக் கேபிள் இழுப்பது மட்டும் வேண்டாம். இடிமழைக் காலத்தில் இரண்டு பக்கப் பெட்டிகளும் புகைந்து போகலாம். அங்கே ஃபைபர்தான்.

கேபிள் முனையில் கனெக்டர் அடிக்கிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. அவசரத்தில் நான்கை மட்டும் சேர்த்தாலும், ஒன்று சரியாகக் கடிபடாமல் போனாலும் இணைப்பு வேலை செய்யலாம், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். லேப்டாப்பில் செருகி, இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா 100 என்று காட்டுகிறதா எனப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். லேப்டாப்பின் போர்ட்டே 100-க்குரியதாக இருந்தால் அவரைத் திட்டிப் பயனில்லை.

பழைய ரவுட்டர் மெதுவானது என்கிறார்களே? அதன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை என்றால், மாடியில் 90 சொச்சத்துக்கு மேல் வராது. திட்டமே 100 என்றால் அது ஒரு குறையா? திட்டம் பெரிது என்றால் ஜிகாபிட் போர்ட் உள்ள ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அப்போதும் அது மெஷ் செட்டைவிடப் பெரும்பாலும் மலிவு. டபிள்யூபிஏ2 கூடத் தெரியாத பழங்காலப் பெட்டி என்றால் மட்டும் பேச்சே இல்லை, குப்பைக்குத்தான்.

வாடகை வீட்டில் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால் இந்த வாதம் முழுவதும் உங்களுக்கு உதவாது. ரிப்பீட்டரையோ மெஷ்ஷையோ படிக்கட்டுத் திருப்பத்தில், கீழ் சிக்னல் இன்னும் நன்றாக வருகிற இடத்தில் வையுங்கள். சொந்த வீட்டுக்காரர்கள் கேபிள் இழுக்கும் நாளிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம்: மாடி ரவுட்டர் செருகப்போகிற ப்ளக் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கரன்ட் போன நேரத்தில் கீழே நெட் ஓடும், மாடியில் ஓடாது.