விரதம் இருக்கும் ஓட்டக்காரத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

தப்பா நினைக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்றேன்.

ஆண்டுக் கடைசியில பினாங்கு பாலம் மாரத்தான். அது முடிஞ்ச சூட்டோட தைப்பூசம். ரெண்டுக்கும் தயாராகிற தம்பிகள் நம்ம கோயில்ல நிறைய பேர். காலையில 15 கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் ஷிப்ட் வேலை, ராத்திரி பஜனை. சாப்பாடு ஒரே வேளை, மத்த நேரம் பாலும் பழமும்தான். போன வருசம் அப்படி ஒரு தம்பி தண்ணீர்மலைப் படியில கண் இருட்டி உட்கார்ந்துட்டான். பக்கத்துல ஆள் இருந்ததால தப்பிச்சான்.

"நாங்க அந்தக் காலத்துல 48 நாள் இருக்கலையா?"ன்னு பெரியவங்க கேப்பாங்க. இருந்தீங்க ஐயா. ஆனா தினமும் 15 கிலோமீட்டர் ஓடிட்டு இருக்கல.

ஓடும்போது தசை தேயும். அதைச் சரி பண்றது சாப்பாடும் தூக்கமும்தான். கடுமையா பயிற்சி எடுக்கிறவங்களுக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 1.2லேர்ந்து 2 கிராம் வரைக்கும் புரதம் வேணும்னு விளையாட்டு உணவு நிபுணர்கள் சொல்றாங்க. 60 கிலோ தம்பிக்குக் குறைஞ்சது 72 கிராம். ஒரு வேளை சோறு சாம்பார்ல அதுல கால்வாசி வந்தாலே பெரிசு.

இதுக்கு மாமிசம் தேவையில்ல. 100 கிராம் தெம்பேயில ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கு. பருப்பு, தௌபூ, தயிர், கொண்டைக்கடலை எல்லாம் சைவம்தானே? ஓடி முடிச்சதும் வாழைப்பழமும் பாலும் எடுத்துக்கலாம். இந்த வெயில்ல வேர்வையோட உப்பும் போகுது, அதனால உப்பு போட்ட மோர் குடிங்க.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில 50 கிலோமீட்டர் நடையில தங்கம் வாங்கினாரே நம்ம ஜி. சரவணன், அந்த நடை பட்டினியில வந்திருக்குமா?

ஒரே வேளைதான்னு நேர்ந்துக்கிட்டவங்க நேர்த்தியை மாத்த வேணாம், அந்த 48 நாளும் ஓட்டத்தைக் குறைச்சுக்குங்க. ரெண்டும் வேணும்னா சைவத்தை விடாம மூணு வேளை சாப்பிடுங்க. விரதம் ஆசையை அடக்கத்தான், உடம்பைக் கெடுக்க இல்ல. தொழிற்சாலையில மெஷினையே நிறுத்தித்தான் சர்வீஸ் பண்றோம். முருகன் கொடுத்த உடம்பு அதைவிட மலிவா?

பந்தல் போடுறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருசம் சீராப் தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு, மோரும் சுண்டலும் வைப்போம். கடலை ஊற வைக்கிற வேலைக்கு நான் வர்றேன்.

முருகன் துணை.